நீலப்பூனை டப்பாவின் பின்பக்கம்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். என் கண்மேல் ஆணை. கண் என்றால் இடது கண். வலது கண்ணில் போன வருஷம்தான் புரை எடுத்தார்கள். அதன்மேல் கொஞ்ச நாளைக்குப் பாரம் எதுவும் ஏற்றக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

முதலில் இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு டப்பாவின் பின்பக்கத்திலிருந்து வந்தது. அந்தப் பின்பக்கத்தை எழுதியவன் நான்.

என்ஜின் ஆயில் டப்பா பார்த்திருப்பீர்கள். முன்பக்கம் படம், பெயர், பெரிய எழுத்து. பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. முப்பத்தோரு வருஷம் ஓர் ஆயில் கம்பெனியில் அந்தப் பொடி எழுத்தை எழுதுவதுதான் என் உத்தியோகம். எந்த எழுத்தாளருக்கும் வாய்க்காத அதிர்ஷ்டம். என் படைப்பு ஒன்று மாதத்துக்கு எண்பதாயிரம் பிரதி அச்சாகும். ஒரு பிள்ளை படிக்காது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மற்ற எழுத்தாளர்களும் நானும் ஒரே சாதி.

‘மூடியைத் திறந்த பிறகு ஊற்றவும்’ என்பது என் ஆரம்பகால எழுத்து. ‘கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவவும், குடித்துவிட்டால் மருத்துவரிடம் செல்லவும்’ என்பது நடுவயதில் எழுதியது. அதில் ஒரு சோகம் இழையோடுவதைக் கவனிக்கலாம்.

[எண்பதாயிரம் இல்லீங்க. எட்டாயிரம். — வீட்டுக்காரி]

அடைப்புக்குறிக்குள் பென்சிலில் வருவது என் மனைவி. நான் எழுதும் ஒவ்வொரு பக்கத்தையும் அவள்தான் முதலில் படிக்கிறாள். பொய் இருந்தால் பிடித்துக் கொடுத்துவிடுவது என்று ஏற்பாடு. ஆகையால் நீங்கள் நிம்மதியாகக் காலை நீட்டிக்கொண்டு படிக்கலாம்.

2

தொடக்கம் மூன்று முறை எழுதினேன்.

முதலாவது: ‘வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, பன்னிரண்டு கைக்குட்டைகளோடு அந்த மனிதர் பட்டறைக்குள் நுழைந்தபோது—’

விட்டுவிட்டேன். எடுத்த எடுப்பிலேயே பன்னிரண்டு கைக்குட்டை என்றால் நம்ப மாட்டீர்கள். ஏழாவது பகுதியில் சொன்னால் நம்புவீர்கள். அதற்குள் உங்களுக்குப் பழகிவிடும்.

இரண்டாவது: ‘உராய்வு இல்லாத வாழ்க்கை உண்டா? மனித மனமும் ஒருவகையில் ஓர் என்ஜின்தான். அதன் உள்ளே—’

[வேணாங்க. — வீட்டுக்காரி]

மூன்றாவது: ‘என் மருமகள் நான் சொன்ன எதையும் நம்பியதில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரே வாக்கியமும் என்னுடையதுதான் என்பது அவளுக்குத் தெரியாது.’

இது இருக்கட்டும். கதை இதுதான்.

3

மருமகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார் மெக்கானிக். சொந்தப் பட்டறை. என் மகன் பல் டாக்டர். ஊரில் உள்ளவர்களை எல்லாம் வாயைத் திறக்கச் சொல்லுவான், வீட்டில் தன் வாயைத் திறக்க மாட்டான். ஆகவே அவனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

பட்டறையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. உலகத்துப் பட்டறை எல்லாம் கறுப்பாக இருக்கும். அவளுடையது வெள்ளை. தரையில் ஒரு சொட்டு ஆயில் கறை கிடையாது. சுவரில் புகை இல்லை. சத்தமும் இல்லை. நாலு கார் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும், சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் கேட்கும். தெருநாய் ஒன்று தினமும் மத்தியானம் வந்து ஏதாவது ஒரு காருக்கடியில் படுத்துத் தூங்கும். சைலன்சர் என்ற சாமானையே அவள் எல்லாக் காரிலும் கழற்றிப் போட்டுவிட்டாள். அடக்குவதற்குச் சத்தம் இருந்தால்தானே?

இதற்கெல்லாம் காரணம் மூலையில் இருக்கும் ஒரு டப்பா. நீலப்பூனை என்ஜின் ஆயில். முன்பக்கம் ஒரு நீல நிறப் பூனை வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நான் வேலை பார்த்த கம்பெனியின் சரக்கு. ஆறு வருஷத்துக்கு முன் வாங்கிய டப்பா, இன்னும் அரை அங்குலம் குறையவில்லை. அவ்வளவு சிக்கனம். வழுவழுப்போ சொல்லி மாளாது. ஊற்றிய காரைச் சும்மா நிறுத்தி வைக்க முடியாது, தானாக வழுக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விடும். அதனால் மருமகள் ஒவ்வொரு காரையும், மாட்டைக் கட்டுகிற மாதிரி, சுவரிலிருந்து ஒரு தடித்த கறுப்புக் கயிற்றால் விலாவில் கட்டிப்போட்டிருப்பாள். ராத்திரி முழுக்க கட்டிக் கிடந்தால்தான் காலையில் ஒழுங்காக ஓடும்.

[கட்டிப் போடறது உண்மைதான். — வீட்டுக்காரி]

பார்த்தீர்களா.

பட்டறைக் கதவுக்கு மேலே சுவரில் நான்கு இரும்புக் கொக்கிகள் இருக்கின்றன. மூன்று வருஷத்துக்கு முன் மருமகள் ஏணி போட்டு ஏறி, தானே துளை போட்டு மாட்டியவை. கொக்கி இருக்கிறது, அதில் தொங்க வேண்டிய போர்டு இல்லை. ஒரு பெரிய கார் கம்பெனியின் ‘அங்கீகரிக்கப்பட்ட பட்டறை’ என்ற போர்டு. அது வந்தால்தான் புதுக் கார்கள் அவளிடம் வரும். வராவிட்டால், உத்தரவாதக் காலம் முடிந்து, முட்டியும் இடுப்பும் போன கார்கள் மட்டும்தான் வரும், என்னைப் போல.

போன முறை சோதிக்க வந்தவர் கேள்வி எல்லாவற்றையும் என் மகனைப் பார்த்துக் கேட்டாராம். “பிரேக் எண்ணெய் எத்தனை மாசத்துக்கு ஒருமுறை மாத்துவீங்க?” என்றதற்கு அவன் யோசித்து, “ஆறு மாசத்துக்கு ஒருமுறை சுத்தம் பண்ணிக்கறது நல்லது” என்றானாம். போர்டு வரவில்லை. நாலு கொக்கியிலும் நாலு புறா உட்கார்ந்ததுதான் மிச்சம்.

4

இங்கே கொஞ்சம் கட்டுரை. பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் பரிசோதகர் வரும்போது ‘என்னப்பா இது’ என்று என்னைக் கேட்கக்கூடாது.

ஓர் ஆயில் ஒரு காருக்கு ஏற்றதா என்பதை இரண்டு விதமாகச் சொல்லலாம். கார் கம்பெனியே அந்த ஆயிலை வாங்கி, தன் என்ஜினில் ஊற்றி, நாள்கணக்கில் ஓடவிட்டு, பிறகு பிரித்துப் பார்த்து, ‘சரி, இதை ஊற்றலாம்’ என்று எண் போட்டுக் கடிதம் கொடுக்கும். அது அங்கீகாரம். இன்னொரு விதம், ஆயில் கம்பெனி தானே தன் டப்பாவில் ‘தரத்துக்கு இணையானது’ என்று அச்சடித்துக்கொள்வது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றால், ‘எங்க பொண்ணு தங்கம்’ என்று பெண்ணைப் பெற்றவர் சொல்வதற்கும், கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து மாமியார் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம்.

டப்பாவில் தானே அச்சடித்துக்கொள்வது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. பெற்றவர்கள் சொல்கிற பெண் நிஜமாகவே தங்கமாக இருக்கலாம். ஆனால் உரசிப் பார்க்க வேண்டியவர் வேறு ஆள்.

[நான் சொல்லிருக்கேன். மருமக தங்கம்னு. நீங்கதான் ஒரு நாளும் சொன்னதில்ல. — வீட்டுக்காரி]

இந்தக் குறிப்பை அழிக்கலாம் என்று ரப்பர் தேடினேன். கிடைக்கவில்லை. மேலே போவோம்.

5

முப்பது வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் நீலப்பூனையின் புது லேபிள்.

“என்னய்யா இது, பின்னாடி ரெண்டு விரல் இடம் காலியா கெடக்கு?”

“எச்சரிக்கை எல்லாம் எழுதியாச்சு சார். இதுக்கு மேல பயமுறுத்தினா வாங்க மாட்டாங்க.”

“காலியா விட்டா ஏதோ மறைக்கிற மாதிரி இருக்கும். எதையாவது எழுது.”

“ரெண்டு வரில ஒரு கவிதை—”

“கவிதை வேணாம். நம்பற மாதிரி எதையாவது எழுது.”

அடிக்கோலை வைத்து அளந்தேன். மூன்று வாக்கியம் முயன்றேன். ஒன்று நீளம், ஒன்று குட்டை. மூன்றாவது இது:

எல்லா முன்னணி கார் தயாரிப்பாளர்களின் தரத்துக்கும் இணையானது.

கட்டம் போட்டு வைத்த மாதிரி உட்கார்ந்தது. ஓர் எழுத்து கூடவில்லை, ஓர் எழுத்து குறையவில்லை. உண்மை இவ்வளவு கச்சிதமாக எங்கேயும் பொருந்தி நான் பார்த்ததில்லை. எந்தக் கார் கம்பெனியையும் கேட்கவில்லை. எந்த என்ஜினிலும் ஊற்றவில்லை. இடம் இருந்தது, வாக்கியம் இருந்தது, டீ வந்தது, குடித்தோம்.

அந்த வாக்கியத்தைத்தான் என் மருமகள் நம்பினாள். என் வாயிலிருந்து வந்திருந்தால் சிரித்திருப்பாள். டப்பாவில் அச்சாகியிருந்ததால் நம்பினாள். ஆறு வருஷமாகக் கார் கொண்டுவருபவர்களிடம் எல்லாம் டப்பாவைத் திருப்பிக் காட்டி, “இங்க பாருங்க, எழுதியிருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பெருமையாக இருந்தது என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னாள். “மாமா, வியாழக்கிழமை பரிசோதகர் வர்றார். இந்தத் தடவை கேள்விய என்கிட்டதான் கேப்பாராம். இருபத்தேழு கேள்வி. பத்தொன்பதாவது ஆயில் பத்தி. அது ஒண்ணுக்குத்தான் நான் கவலையே படல.”

எனக்கு வயிற்றில் ஒரு கொக்கி மாட்டியது. ஐந்தாவது கொக்கி.

6

சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். வியாழனுக்குள்.

திங்கள்கிழமை. அவள் நின்றுகொண்டே டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அந்த நீலப்பூனை டப்பா இருக்கே...”

“அதையும் நீங்கதான் கண்டுபிடிச்சீங்களா மாமா?”

“கண்டுபிடிக்கல. பின்னாடி இருக்கிற வாசகத்தை எழுதினது நான்.”

“சரி.”

“நெஜமா. எடம் காலியா இருந்துச்சுன்னு சும்மா எழுதினேன். அங்கீகாரம் கிங்கீகாரம் ஒண்ணும் கெடையாது.”

“போன மாசம் லிஃப்ட்ல ‘ஆறு பேர் மட்டும்’னு எழுதினது நீங்கன்னு சொன்னீங்க.”

“அது பொய்.”

“ரோட்டுல வெள்ளைக் கோடு?”

“அதுவும் பொய். இது மட்டும் உண்மை.”

“பொய் சொல்றவங்க எல்லாரும் கடைசில இதைத்தான் மாமா சொல்லுவாங்க.” டம்ளரைக் கழுவிவைத்துவிட்டுப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை. மகன் மூலமாகச் சொல்லலாம் என்று பார்த்தேன். பதினைந்து நிமிஷம் எல்லாவற்றையும் விளக்கினேன். கவனமாகக் கேட்டான். என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, “மேல் வரிசைல ஒண்ணு ஆடுதுப்பா” என்றான்.

புதன்கிழமை. கடிதமாக எழுதினேன். முப்பத்தோரு வருஷப் பழக்கம் விடுமா? எழுதி முடித்துப் பார்த்தால் இப்படி இருந்தது: ‘எச்சரிக்கை: பின்பக்க வாசகம் நம்பத்தக்கதல்ல. இதை நம்பிப் போர்டு மாட்டியபின் உண்மை தெரிந்தால் உடனடியாக மாமனாரை அணுகவும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.’

மருமகள் படித்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்து, அதை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் படித்துச் சிரித்தார்கள். என் எழுத்தை இத்தனை பேர் படித்தது அதுதான் முதல் தடவை.

(இந்த இடத்தில் ‘என் உள்ளம் குமுறியது’ என்று எழுதி அடித்திருக்கிறேன். குமுறவில்லை. நாலு பேர் சிரித்தபோது நானும் சிரித்தேன். அதுதான் சங்கடமே.)

7

பரிசோதகரைப் பற்றி எனக்குச் சந்தேகங்கள் உண்டு.

முதல் பிரதியில் அவருக்கு அடர்ந்த மீசை வைத்தேன், குரலைக் கரகரப்பாக்கினேன், காலில் கீச்சிடும் ஷூ மாட்டினேன். வில்லன் தயார். ஆனால் எழுத எழுத அவர் எதிர்த்துப் பேசினார். ‘ஐயா, நான் என்ன தப்பு செஞ்சேன்? ஃபாரம் நிரப்ப வந்தவன்’ என்றார். நியாயம்தானே? மீசையை எடுத்தேன். கீச்சிடும் ஷூவை மட்டும் விட்டுவைத்தேன். அவ்வளவு அமைதியான பட்டறையில் வேறு என்ன சத்தம் கேட்கப் போகிறது?

ஆகவே அவர் மெலிந்த, சாந்தமான, அடிக்கடி மன்னிப்புக் கேட்கும் மனிதர். ஆயிலை விரலில் தொட்டு, தேய்த்து, முகர்ந்து பார்ப்பது அவர் தொழில். ஒரு பட்டறையின் வாசம் அடுத்த பட்டறைக்குப் போகக்கூடாது என்பதற்காக, பட்டறைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கைக்குட்டை வைத்திருப்பார். மூலையில் எண் தைத்திருக்கும்.

சொன்னேனே, ஏழாவது பகுதியில் நம்புவீர்கள் என்று.

[எட்டு கைக்குட்டை. நான் எண்ணினேன். — வீட்டுக்காரி]

8

வியாழன், காலை பத்து. கீச், கீச், கீச்.

“மன்னிக்கணும் மேடம். பட்டறை இன்னும் தெறக்கலையா? சத்தமே காணோமே.”

“எல்லாம் ஓடிட்டுதான் சார் இருக்கு,” என்றாள் மருமகள். ரப்பர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள். தலையை வாரி, புதுச் சட்டை போட்டிருந்தாள். அதில் பேனா செருகியிருந்தாள், அதுவும் புதிது.

நான் என் நாற்காலியில்.

பதினெட்டு கேள்விகள் மழை மாதிரி போயின. அவர் கேட்டு முடிப்பதற்குள் அவள் பதில் சொல்லி, தன் கையாலேயே ஃபாரத்தில் எழுதினாள். அதுதான் அந்தக் கம்பெனியின் விதி. பரிசோதகர் ஒரு புள்ளிகூட வைக்கக்கூடாது. பட்டறைக்காரர் தன் கையால் எழுத வேண்டும். இவர் பார்த்துக்கொண்டு நின்று, கடைசியில் சாட்சிக் கையெழுத்து மட்டும் போடுவார்.

“பத்தொன்பது. இதுவரைக்கும் இங்க ஊத்தின ஆயில் எங்க கம்பெனி தரத்துக்கு உட்பட்டதா? ஆம், இல்லை.”

மருமகள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாள். குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டுவருகிற மாதிரி.

அவர் ஒரு சொட்டைத் தொட்டு, தேய்த்து, முகர்ந்து, கைக்குட்டையில் துடைத்தார். பட்டியலைப் புரட்டினார். “எங்க பட்டியல்ல இல்லையே மேடம். மன்னிக்கணும். ஆனா டப்பாவுல வாசகம் இருந்தா, அதை நம்பி உங்க பொறுப்புல ‘ஆம்’னு எழுதலாம். பின்னாடி தப்புன்னு தெரிஞ்சா போர்டை எறக்கிடுவோம். எறக்கினா எறக்கினதுதான், மறுபடி கெடையாது. ‘இல்லை’ன்னு எழுதினா, ஆயிலை மாத்திட்டு அடுத்த வருஷம் மறுபடி கூப்பிடலாம்.”

“வாசகம் இருக்கு சார். பாருங்க.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். “எல்லா முன்னணி கார் தயாரிப்பாளர்களின் தரத்துக்கும் இணையானது.” நிமிர்ந்தார். “நல்லா எழுதியிருக்காங்க.”

முப்பது வருஷத்தில் என் எழுத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

வாசகரே, நான் எழுந்து நின்றேன். எழுந்தது மனசாட்சியா, எழுத்தாளனா என்று இன்றுவரை எனக்கே தெரியாது. இரண்டு பேரும் ஒரே முட்டியை வைத்துக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது.

“அதை எழுதினது நான்தான்,” என்றேன். “சும்மா எழுதினது. ரெண்டு விரல் எடம் காலியா இருந்துச்சு.”

“உக்காருங்க மாமா,” என்றாள் மருமகள். “அவர் அப்படித்தான் சார். லிஃப்டு, ரோடு எல்லாம் அவர் எழுதினதுதான்.”

பரிசோதகர் மரியாதையாகச் சிரித்தார். “எங்கப்பாவும் இப்படித்தான் ஐயா. நிலாவுல கால் வெச்சேம்பார்.”

“நிரூபிக்கட்டுமா?” என்றேன். டப்பாவை அவர் பக்கம் திருப்பிவைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். பதினாலு வரியையும் முதல் எழுத்திலிருந்து ஒப்பித்தேன். ஊற்றும் முறை, அளவு, எச்சரிக்கை, கண்ணில் பட்டால், குடித்துவிட்டால். அவர் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

முடித்தேன். கடிகாரத்தின் டிக் டிக்.

“பிரமாதம் ஐயா. ஒரே ஒரு வார்த்தை தப்பு.”

“எது?”

“கடைசி வரி. ‘குளிர்ந்த இடத்தில் வைக்கவும்’னு இருக்கு. நீங்க ‘உலர்ந்த’ன்னு சொல்லிட்டீங்க.”

“நான் உலர்ந்தன்னுதான்யா எழுதினேன்!” கத்திவிட்டேன். காருக்கடியில் தூங்கிய நாய் எழுந்து உட்கார்ந்தது. “அந்த அச்சாபீஸ்காரன் மாத்திட்டான்! முப்பது வருஷமா மாத்தச் சொல்லிட்டிருக்கேன்! குளிர்ந்த எடத்துல வெச்சா ஆயில் எறுகும்யா! கெட்டியா போவும்! எவனாவது படிச்சானா? ஒருத்தன்... ஒருத்தன் கேட்டானா?”

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

பரிசோதகர் வேறு கைக்குட்டை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மருமகள் என்னையே பார்த்தாள். என்னை அவள் அப்படிப் பார்த்தது அதற்குமுன் கிடையாது. பஞ்சராகவில்லை என்று நினைத்த டயரில் ஆணியைக் கண்டவள் மாதிரி.

“மாமா,” என்றாள் மெதுவாக. “நீங்க கதை சொல்லும்போது கோபப்பட்டு நான் பார்த்ததே இல்ல.”

“கதைக்கு எதுக்கும்மா கோபம்?”

“அப்போ திங்கக்கெழமை சொன்னது?”

“உண்மை.”

“ஃப்ரிட்ஜ்ல ஒட்டினது?”

“அதுவும்.”

அவள் ஃபாரத்தைப் பார்த்தாள். கதவுக்கு மேலே இருந்த கொக்கிகளை இங்கிருந்தே பார்க்க முடியும். பார்த்தாள். நாலிலும் புறா.

“சார், நீங்க என்ன சொல்றீங்க?”

“நான் எதுவும் சொல்லக்கூடாது மேடம். மன்னிக்கணும். பேனா உங்க கையிலதான் இருக்கணும்.”

9

இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

என் நிலைமை புரிகிறதா? என்னை நம்பினால் அவள் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். போர்டு போச்சு, இன்னும் ஒரு வருஷம். என்னை நம்பாவிட்டால் ‘ஆம்’. போர்டு வரும், என்றைக்காவது ஒருநாள் மொத்தமாக இறங்குவதற்காக. பதினொரு வருஷமாக அவள் என்னை ஒரு தடவையாவது நம்ப மாட்டாளா என்று ஏங்கியவன் நான். அந்த ஒரு தடவை வந்து நிற்கிற இடத்தைப் பாருங்கள்.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) ‘ஆம்’ என்று எழுதினாள். போர்டு வந்தது. புறாக்கள் இடம் மாறின. புதுக் கார்கள் வரிசை கட்டின. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, “நல்லா நடிச்சீங்க மாமா, ஒரு நிமிஷம் நானே நம்பிட்டேன்” என்றாள். நான் சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு—

[இது வேணாம். — வீட்டுக்காரி]

எனக்கும் வேண்டாம்.

(ஆ) ‘இல்லை’ என்று எழுதினாள். பரிசோதகர் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்று தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அவள் ஏணியைப் போட்டு ஏறி, கொக்கிகளைத் துடைத்து, துருப்பிடிக்காமல் இருக்க ஆளுக்கொரு சொட்டு நீலப்பூனை போட்டாள். இறங்கி வந்து, “அப்போ அந்த லிஃப்ட் வாசகம் நெஜமாவே நீங்க எழுதலையா?” என்று கேட்டாள். “இல்லம்மா” என்றேன். “சே” என்றாள்.

இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் போர்டு அவளுடையது. என் ஆசைக்கு அவள் கொக்கியைக் காலியாக வைக்க எனக்கு யார் உரிமை கொடுத்தது?

(இ) யாரும் எதுவும் எழுதும் முன்பே பரிசோதகரின் முழங்கை பட்டு டப்பா கவிழ்ந்தது. நீலப்பூனை தரையெல்லாம் பரவியது. அவர் வழுக்கினார். பட்டறையைத் தாண்டி, கதவைத் தாண்டி, தெருவில் இறங்கி, ஷூ ஒரு தடவைகூடக் கீச்சிடாமல், ஏழு சிக்னலில் பச்சை விழ விழ, வழியில் இரண்டு பேருந்தை முந்திக்கொண்டு, நின்றபடியே போய்த் தன் அலுவலகத்தில் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ‘இப்படி ஒரு வழுக்கலை என் வாழ்நாளில் கண்டதில்லை’ என்று எழுதி, அன்றைக்கே ஆயிலுக்கு அங்கீகார எண்ணும் பட்டறைக்குப் போர்டும் சேர்த்து அனுப்பினார். எழுதிய பொய் முப்பது வருஷம் கழித்து உண்மையானது. நாய்கூட வாலை ஆட்டியது.

[சிக்னல் மொத்தமே அஞ்சுதான். — வீட்டுக்காரி]

பாருங்கள், ஆட்சேபணை சிக்னலுக்கு மட்டும்தான்.

10

இந்த மூன்றில் எதையும் நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை. காலி இடம் கிடைத்தால் கை அரித்து, பொருந்துகிற ஒரு வாக்கியத்தைப் போட்டு நிரப்பிவிடுவது என் வியாதி. ஒரு தடவை நிரப்பியதற்கே ஆறு வருஷம் என் மருமகள் ஊராரிடம் டப்பாவைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். இன்னொரு தடவை செய்ய மாட்டேன்.

அவள் பேனாவை எடுத்துவிட்டாள். மூடியைக் கழற்றி, மறுமுனையில் செருகிவிட்டாள். என்னைப் பார்க்கிறாள். அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இந்த மனுஷன் சொல்வதை நம்பலாமா, கூடாதா? இத்தனை பக்கம் என் கூட வந்த உங்களுக்கும் அதே கேள்விதானே? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். நான் அங்கீகரிக்கப்பட்டவன் என்று நானே சொல்லிக்கொள்ள முடியாது. உரசிப் பார்க்க வேண்டியவர் வேறு ஆள். ஆகவே நீங்களே எழுதுங்கள். ரெண்டு விரல் இடம் விட்டிருக்கிறேன்.

19. ஆம் / இல்லை:

____________

____________

எழுதிவிட்டீர்களா? நீங்கள் எதை எழுதியிருந்தாலும், அவள் தங்கம். இதை நானே சொல்கிறேன். பதினொரு வருஷம் உரசிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

[அப்பாடா. — வீட்டுக்காரி]

என் மனைவி எண்பதாயிரத்தைப் பிடித்தாள், கைக்குட்டையைப் பிடித்தாள், சிக்னலைப் பிடித்தாள். ஒன்றை மட்டும் தெரிந்தே விட்டுவிட்டாள். அதை நானே, டப்பாவின் அடியில் போடுகிற பொடி எழுத்தில், போட்டுவிடுகிறேன்.

என் மருமகளின் பட்டறைக்கு வருவதெல்லாம் பேட்டரி கார். அதில் என்ஜினும் கிடையாது, என்ஜின் ஆயிலும் கிடையாது.